மலையடி மண் அணையில் தண்ணீரை நிறுத்தி வைக்கலாமா?

ஒடுகத்தூர்ப் பக்கம், சவ்வாது மலையின் அடிவாரத்தில், உங்கள் ஊருக்கு மேலே ஒரு கானாற்றின் குறுக்கே 25 அடி உயரமும் ஏறத்தாழ 300 மீட்டர் நீளமும் கொண்ட மண் அணை இருக்கிறது என்றும், அது வெள்ளத்தைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடியில் மூன்றடி விட்டமுள்ள குழாய் ஒன்று கதவில்லாமல் திறந்தே கிடப்பதால் மழை நீர் ஓரிரு நாளில் வடிந்துவிடுகிறது. கோடையில் கிணறுகள் வற்றும்போது இப்படி ஓடவிட்ட தண்ணீரை நினைத்து ஊரில் ஒரு சாரார் ஷட்டர் போடச் சொல்கிறார்கள். சென்ற ஆண்டு குழாயின் வாயை முட்செடிகள் அடைத்துக்கொண்டதில் மூன்று வாரம் நீர் நின்றது. அப்போது கரையின் வெளிப்புற அடியில் ஈரம் கண்டது, கோரை முளைத்தது. அதைப் பார்த்த இன்னொரு சாரார் அணை உடையப்போகிறது என்கிறார்கள். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. ஆனால் படித்துப் பார்த்தால், வெறுமையாக இருக்கும்வரை எந்தத் தொந்தரவும் தராத ஒரு கரையை நிரப்பிவைத்தால் அது தாங்குமா என்பதைத்தான் உண்மையில் நீங்கள் கேட்கிறீர்கள்.

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்து, அது இரண்டாகி, பிறகு வேலூர் மாவட்டமும் 2019இல் மூன்றாகப் பிரிந்த காலம்வரை ஏரிக் கரைகளிலும் சிறு அணைகளிலும் வேலை பார்த்தவன் நான். அந்த அனுபவத்தைக் கொண்டு சிலவற்றை உறுதியாகச் சொல்ல முடியும். கரையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் அனுப்பிய நான்கு புகைப்படங்களிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதற்கு அணையின் வரைபடமும், கட்டும்போது எடுத்த மண் பரிசோதனைத் தாள்களும், தேவைப்பட்டால் துளையிட்டு எடுத்த மண்ணும் வேண்டும். ஆகவே எது உறுதி, எது ஊகம் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் அணை ஏன் காலியாகக் கிடக்கிறது என்பது. நீர்ப்பிடிப்புப் பரப்பு எட்டு சதுர கிலோமீட்டர் இருக்கும் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதில் ஒரே மூச்சில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 8 லட்சம் கன மீட்டர். மண் ஏற்கெனவே ஊறிப்போன கார்த்திகை மாதத்தில், செங்குத்தான பாறைச் சரிவில், அதில் பாதி ஓடிவரும் என்று வைத்துக்கொண்டால் 4 லட்சம் கன மீட்டர், நம் கணக்கில் சுமார் 14 மில்லியன் கன அடி. நீங்கள் சொல்லும் கொள்ளளவு 10 மில்லியன் கன அடி, அதாவது ஏறக்குறைய 2.8 லட்சம் கன மீட்டர். மதராஸ் மாகாணத்துக்கென்றே 1884இல் வகுக்கப்பட்டு இன்றும் சிறு வேலைகளுக்கு நாங்கள் கையில் எடுக்கும் ரைவ்ஸ் சூத்திரத்தில் மலைப்பகுதிக்குரிய எண்ணைப் போட்டால், அந்தக் கானாற்றின் உச்ச வெள்ளம் விநாடிக்கு 40 கன மீட்டர், சுமார் 1,400 கன அடி என்று வரும். இது தோராயமான சூத்திரம். மழையின் வேகத்தை அது நேரடியாகக் கணக்கில் எடுப்பதில்லை. இருந்தாலும் அளவின் வரிசை புரிவதற்குப் போதும். அடிக் குழாயோ, அணை நிரம்பி நிற்கும்போதுகூட விநாடிக்குச் சுமார் நான்கு கன மீட்டர்தான் விடும். உள்ளே 40 வருகிறது, வெளியே 4 போகிறது. மிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்வதற்கு அந்தக் காலி இடம். உச்ச வெள்ளம் அப்படியே நீடித்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அது தாங்கும், அதன் பிறகு கோடி போகும், அதாவது உபரி நீர் வெளியேறுவதற்கென்று கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய சுவரின் மேல் வழியும். நல்ல வேளையாக இத்தகைய சிறு கானாறுகளின் உச்சம் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. மழை விட்ட பின் அணை முழுவதும் வடிய ஒரு நாளுக்குச் சற்று அதிகமாகும். நீங்கள் வீணாகப் போகிறது என்று பார்க்கும் அந்த ஒரு நாள் வடிப்புதான் மறுநாள் இரவு வரும் இரண்டாவது மழைக்கு இடம் ஒதுக்குகிறது. வங்கக் கடலில் அடுத்தடுத்துத் தாழ்வு நிலைகள் உருவாகும் ஆண்டுகளில் முதல் மழையைவிட இரண்டாவது மழைதான் நம்மைக் கெடுத்திருக்கிறது.

இது நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தின் மயாமி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1913இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, 1922க்குள் ஐந்து மண் அணைகளைக் கட்டினார்கள். ஒன்றிலும் நிரந்தரமாகத் தண்ணீர் தேக்குவதில்லை. ஒன்றிலும் மனிதர் கையால் திறக்க வேண்டிய கதவு கிடையாது. அடியில் திறந்த வழிகள் மட்டும் உண்டு. ஆறு சாதாரணமாக அவற்றினூடே ஓடும், வெள்ளம் வந்தால் மிகுதி தானாகத் தேங்கிப் பின் தானாக வடியும். அவை நூறாண்டைக் கடந்து இன்றும் வேலை செய்கின்றன. உங்கள் ஊர் அணை அதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஏரி என்று நினைத்து அதைப் பார்ப்பதால்தான் அது வெற்றாகக் கிடப்பதாகத் தோன்றுகிறது.

அப்படியானால் ஒரு சொட்டுக்கூட நிறுத்தக் கூடாதா என்றால், அங்கே நான் ஷட்டர் கேட்பவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். பள்ளத்தாக்கின் வடிவத்தைக் கவனியுங்கள். மலையடிப் பள்ளம் கீழே குறுகி மேலே விரிந்து போகும்; எனவே நீர் மட்டம் ஏற ஏற ஒவ்வொரு அடி உயரத்துக்கும் கொள்ளும் நீர் பன்மடங்காகிறது. 25 அடி அணையில் அடியிலிருந்து எட்டடிவரை நிற்கும் நீர், பள்ளத்தின் வடிவத்தைப் பொறுத்து, மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். மேலே உள்ள கால் பங்கு உயரத்திலோ ஏறக்குறைய பாதி நீர் இருக்கும். ஆகவே வெள்ளத்துக்குரிய இடத்தை அதிகம் இழக்காமல் எட்டடிவரை நீரை நிறுத்திக்கொள்ளலாம். சுற்றுக் கிணறுகளுக்கு ஊறுவதற்கு அந்தச் சிறு குளமே கணிசமான உதவி செய்யும். அதற்கு ஷட்டர் தேவையில்லை. குழாயின் உள்வாயைச் சுற்றி எட்டடி உயரத்துக்குக் கான்கிரீட்டில் ஒரு தொட்டி கட்டி, அதன் மேல்விளிம்பில் நீர் வழிந்து குழாய்க்குள் விழும்படி செய்து, தொட்டியின் மேல் சரிவாகக் கம்பிச் சட்டம் பொருத்தினால், எட்டடிக்குக் கீழே நிற்பது நிற்கும், மேலே வருவது முன்போலவே தானாக வடியும். தூர் வாருவதற்காகத் தொட்டியின் அடியில் ஒரு சிறு அடைப்பான் வைத்துக்கொள்ளலாம். கம்பிச் சட்டத்தை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். சென்ற ஆண்டு மூன்று வாரம் நீர் நின்றதற்கு முட்செடி அடைத்ததுதான் காரணம், அந்த மூன்று வாரத்தில் உங்கள் அணை தன் வேலையைச் செய்யவே இல்லை. ஆனால் எட்டடிக் குளம் என்பது வெள்ள இடத்தின் கணக்கில்தான் சரி. ஆண்டில் சில மாதம் நனைந்தே இருப்பதற்கு அந்தக் கரை கட்டப்பட்டதா என்பது வேறு கேள்வி; கசிவைப் பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

ஷட்டரை நான் ஏன் மறுக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்கு, மின்சாரம் இல்லாதபோது, கரைமேல் ஏறிப்போய்ப் பத்து மாதமாக யாரும் சுற்றாத திருகுக் கம்பியைச் சுற்றி ஷட்டரைத் தூக்குவதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது ஷட்டர் திறப்பு விழாவன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஐந்தாண்டு கழித்து யாருக்கும் தெரியாது. திருகில் துரு ஏறியிருக்கும், கைப்பிடியை யாராவது எடுத்துப் போயிருப்பார்கள், அல்லது இவ்வளவு தண்ணீரைத் திறந்துவிடுவதா என்று நாலு பேர் மறிப்பார்கள். இது கற்பனை இல்லை. 2021 நவம்பர் 19 அன்று நமக்கு வடக்கே கடப்பை மாவட்டத்தில், செய்யேறு என்னும் ஆற்றின் மேல் இருந்த அன்னமய்யா அணையின் மண் கரை, மேலே இருந்த பிஞ்சா அணையின் நீரும் சேர்ந்து வந்தபோது, நீர் வழிந்து ஏறி அடித்துக்கொண்டு போனது. அதன் ஐந்து கதவுகளில் ஒன்று அன்று இயங்கும் நிலையில் இல்லை. பணியாளர்கள் உள்ள நடுத்தர அணையிலேயே அப்படி நடந்தது. காவலாள் இல்லாத உங்கள் அணையில், தானாக வேலை செய்வதை மனிதர் கைக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது ஈரத்துக்கு வருவோம். எல்லா மண் அணையும் கசியும். கசியாத மண் அணை என்று ஒன்று கிடையாது. நல்ல அணையில் நடுவே களிமண் சுவர் கசிவைக் குறைக்கும், கரையடியில் மணலும் ஜல்லியும் அடுக்கிய வடிகட்டி அதை வாங்கி மண்ணைப் பிடித்துக்கொண்டு நீரை மட்டும் வெளியே விடும். ஆபத்து எப்போது என்றால், வெளியேறும் நீர் மண் துகள்களையும் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கும்போது. வெளிப்புறம் ஒரு சிறு ஓட்டையில் தொடங்கி, அது உள்நோக்கித் தன்னைத்தானே தோண்டிக்கொண்டு போய், ஒரு நாள் உள்ளே நிற்கும் நீரைத் தொட்டுவிடும். அதன் பிறகு மிஞ்சுவது சில மணி நேரம்தான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்ற 300 அடிக்கு மேல் உயரமான மண் அணை 1976 ஜூன் 5 அன்று, முதன்முறை நிரப்பும்போதே, காலையில் கலங்கிய ஊற்றாகத் தொடங்கி நண்பகலுக்குள் உடைந்துபோனது. உலகம் முழுவதும் உடைந்த பெரிய மண் அணைகளின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் சொல்வது, பாதிக்கு அருகில் கரைக்கு மேல் நீர் வழிந்ததாலும், மற்றொரு பாதிக்கு அருகில் இத்தகைய உள் அரிப்பாலும் போயின, சரிவு இடிந்து போனவை மிகச் சில என்பதே. கசிவில் பார்க்க வேண்டியது அளவைவிட நிறம், நிறத்தைவிட மாற்றம்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தும், கையால் தெரிந்துகொண்டது வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில். பெயர் வேண்டாம், ஒரு நடுத்தர ஏரி, ஐப்பசி கடைசி, ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. கரையடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஊற்று கிளம்பி, நடுவில் மணல் மெல்லக் கொதிப்பதுபோல் புரண்டுகொண்டிருந்தது. நான் சுறுசுறுப்பாக இரண்டு வண்டி களிமண் கொண்டுவரச் சொல்லி அதன் வாயை அடைக்கச் செய்தேன். அடைபட்டது. அரை மணி நேரத்தில் அதற்கு நாலடி மேலே, கரையின் சரிவிலேயே, வேறு இடத்தில் பீறிட்டது. அந்த ஏரியின் நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி, எழுபது வயதைத் தாண்டியவர், என்னிடம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, அந்த நீரில் கையை விட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிப் பார்த்துவிட்டு, என் கையையும் இழுத்து உள்ளே விட்டார். விரல்களுக்கிடையே நறநறவென்று மணல். பிறகு அவரே ஆட்களை விட்டு நான் போட்ட களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆற்று மணல், அதன் மேல் பொடி ஜல்லி, அதன் மேல் கருங்கல் என்று அடுக்கச் செய்து, ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்று உறைபோல வளையமாக இடுப்பளவு ஏற்றினார். வளையத்துக்குள் நீர் நிரம்பி நின்றது, கொதிப்பு அடங்கியது, தெளிந்த நீர் மட்டும் வழிந்தது. வளையத்துக்குள் நின்ற நீரின் எடை கீழிருந்து தள்ளும் அழுத்தத்தைக் குறைக்கிறது, மணல் வடிகட்டி மண்ணைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பாடமாக எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியவன் நான்தான். அடைத்தால் நீர் வேறு வழி தேடும், வடிகட்டினால் அடங்கும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

உங்கள் படத்தில் உள்ள ஈரத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று, அது கரையின் சரிவில் இல்லை, அடியில்தான் இருக்கிறது. சரிவின் பாதி உயரத்தில் ஈரம் கண்டிருந்தால் என் பதிலின் தொனியே வேறாக இருந்திருக்கும். இரண்டு, நீர் குட்டையாக நிற்கிறது, ஓடிய தடமோ விசிறிபோல் பரவிய மண்ணோ படத்தில் இல்லை. இனி ஊகம். மே மாதத்திலும் கோரை பச்சையாக இருப்பதாகச் சொல்கிறீர்கள். அணை காலியாகி ஐந்து மாதம் கழித்தும் ஈரம் இருக்கிறதென்றால், அது அணை நீர் அல்லாமல் மலையடியில் இயற்கையாக உள்ள ஊற்றாக இருக்க வாய்ப்புண்டு. அணை கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் தாழை, கோரை இருந்ததா என்று வயதானவர்களைக் கேளுங்கள். அதே சமயம், கானாற்றின் பழைய மணல் படுகையைச் சரியாக வெட்டி எடுத்துக் களிமண்ணால் நிரப்பாமல் கரையை ஏற்றியிருந்தால், அந்த மணல் வழியே நீர் அடியில் புகுந்து இதே இடத்தில்தான் தலைகாட்டும். இரண்டில் எது என்று கண்டுபிடிக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஈரம் கண்ட இடத்திலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் வழியே நீர் வடியும்படி செய்யுங்கள். பத்து லிட்டர் வாளியைக் கீழே பிடித்து அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று மழைக்காலத்தில் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதி வாருங்கள். பக்கத்திலேயே அன்றைய அணை நீர் மட்டத்தையும், மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் அந்த நீரைப் பிடித்து இரவு முழுக்க வைத்துவிட்டு அடியில் மண் படிகிறதா என்று பாருங்கள். அணையில் நீர் ஏற ஏறக் கசிவு ஏறி, இறங்க இறங்க இறங்கினால் அது அணையின் நீர். மட்டம் மாறியும் கசிவு மாறாதிருந்தால் ஊற்று. மட்டம் அதேயளவு இருக்கும்போது கசிவு மட்டும் நாளுக்கு நாள் கூடினால், அல்லது புட்டியின் அடியில் மண் படிந்தால், வாளியைப் போட்டுவிட்டு வட்டாட்சியருக்கும் பொறியாளருக்கும் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கரைக்கு நேர் கீழே உள்ள வீடுகளில் அன்று இரவு யாரும் படுக்கக் கூடாது.

எட்டடிக் குளத்தை அந்தக் கரை தாங்குமா என்று முன்பு விட்ட கேள்வி இங்கேதான் வருகிறது. ஓரிரு நாள் மட்டும் நீர் தாங்கும் அணைகளில், செலவைக் கருதி, உள்ளே வடிகட்டிப் படுகை வைக்காமல் விட்டதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு நாளில் நீர் கரைக்குள் ஊறி மறுபக்கம் வருவதற்குள் அணை காலியாகிவிடும் என்பது கணக்கு. நிரந்தரமாக நீர் நிறுத்தினால் அந்தக் கணக்கு செல்லாது. உங்கள் அணையின் வரைபடத்தில் நடுச் சுவரும் கரையடி வடிகட்டியும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் எட்டடித் தொட்டியைப் பற்றிப் பேசலாம். இல்லையென்றால், கரையடியில் நீளவாக்கில் மணல், ஜல்லி, கல் அடுக்கிய வடிகாலைப் பின்னர் சேர்க்க முடியும். அது தொட்டியைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை.

கரையைப் பற்றி வேறு சில. இரண்டாவது படத்தில் வெளிச்சரிவில் ஒரு புற்று தெரிகிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இதைச் சொன்னால் மனம் வருந்துவார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்: கரையில் உள்ள புற்று என்பது கரைக்குள் ஓடும் வளைகளின் வாசல். மேலே தெரியும் மண்ணை வெட்டிச் சமன் செய்தால் பயனில்லை. வளை போகும்வரை தோண்டி, ஈரப்பதம் பார்த்து அரையடிப் படலங்களாகச் சவுடும் களியும் கலந்த மண்ணைப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். ஓர் ஊரில் முறையாகப் பூசை செய்து, கரைக்கு அப்பால் வேப்ப மரத்தடியில் நாகக் கல் வைத்து அம்மனை இடம் மாற்றிய பிறகு இதைச் செய்தோம், யாரும் எதிர்க்கவில்லை. எலி வளையும் நண்டு வளையும் இதே வகைதான். மகாராஷ்டிரத்தில் இரத்தினகிரி மாவட்டத் திவரே அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து பலர் இறந்தபோது நண்டுகள்தான் காரணம் என்று ஓர் அமைச்சர் சொல்ல, நாடே சிரித்தது. நண்டு வளை தோண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஊர் மக்கள் முன்பே கசிவைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தபோது நண்டின் மேல் பழி போடுவது சரியல்ல என்பதற்காகத்தான் சிரித்தார்கள்.

சீமைக் கருவேலத்தை மூன்று நான்கு அடி உயரத்துக்குள் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள். பெரிதாகிவிட்ட மரத்தை மேலே வெட்டிவிட்டு வேரைக் கரைக்குள் விடுவது மரத்தை விடுவதைவிட மோசம். வேர் மக்கினால் அதுவே குழாய். கோடையில் கரைமேல் காணும் வெடிப்புகளில், கரையின் நீளவாக்கில் செல்வது பெரும்பாலும் மண் காய்ந்ததாலோ கரை அமர்ந்ததாலோ வருவது, கவனித்து வந்தால் போதும். சரிவு மண் சற்றே கீழிறங்கியிருந்தால் மட்டும் கவலைப்படலாம். உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிக் குறுக்கே ஓடும் வெடிப்பு விரல் அகலம் இருந்தாலும் விடக் கூடாது. அது நீருக்கு நேர்வழி.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் அணையில் நான் முதலில் போய்ப் பார்க்கப்போவது கசிவை அல்ல, கோடியை. மண் கரைக்கு மேல் ஒரு சாண் நீர் ஒரு மணி நேரம் வழிந்தால் போதும், எவ்வளவு நன்றாக இடித்துக் கட்டியதாயினும் அது நிற்கும் என்று நம்ப முடியாது. 100 மில்லிமீட்டர் மழையை உங்கள் அணை ஏறக்குறைய விழுங்கிவிடும் என்று முன்பு கணக்குப் போட்டோம். 200 பெய்தால் விழுங்காது, அணை நிரம்பிய பின்பும் விநாடிக்கு 40 கன மீட்டர் வந்துகொண்டிருக்கலாம், அத்தனையும் கோடி வழியே போயாக வேண்டும். கோடிச் சுவரின் நீளம் 24 மீட்டர் இருந்தால் அந்த வெள்ளம் சுவருக்கு மேல் சுமார் ஒரு மீட்டர் கனத்தில் வழிந்து போகும். யாரோ பாதைக்காக ஒரு பக்கம் மண் கொட்டியோ, புதர் மண்டியோ, நீளம் பாதியாகிவிட்டால் அதே வெள்ளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் எழும்ப வேண்டியிருக்கும். கோடிச் சுவரின் தலைக்கும் கரையின் தலைக்கும் இடையே உள்ள உயரம் ஒன்றரை மீட்டர்தான் என்றால் கரை போய்விட்டது என்றே பொருள். கூடுதல் நீருக்காகக் கோடி மேல் இரண்டடிக்கு மணல் மூட்டை அடுக்குவதும், ஏறி வரும் மீனுக்காகக் கோடியில் குறுக்கே வலை கட்டுவதும் நம் பக்கத்தில் ஆண்டுதோறும் நடப்பவை. வலையில் மீன் சிக்குவதற்கு முன் சருகும் சுள்ளியும் சிக்கும். பென்சில்வேனியா மாநிலத்து சவுத் ஃபோர்க் என்ற மண் அணையை வாங்கிய பணக்காரர்களின் மன்றம், மீன் தப்பாமலிருக்கக் கோடியில் வலைத் தடுப்பு வைத்தது; அடிக் குழாய்கள் முன்பே பிடுங்கி விற்கப்பட்டிருந்தன; வண்டி போவதற்காகக் கரையின் தலையையும் கொஞ்சம் தாழ்த்தியிருந்தார்கள். 1889 மே 31 அன்று பெய்த மழையில் அது வழிந்து உடைந்து, கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மூன்றையும் சிறிய அளவில் நம் ஏரிகளில் நான் தனித்தனியே பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு பெரிய வெள்ளத்துக்குக் கோடி போதுமானதாக இருக்க வேண்டும் என்றால், 5 லட்சம் கன மீட்டரிலிருந்து தொடங்கும் சிறு அணை வகைக்கே இந்தியத் தரவிதி நூறாண்டு வெள்ளத்தைக் கேட்கிறது. உங்களுடையது அதற்கும் சிறியது. ஆனால் நேர் கீழே வீடுகள் இருப்பதால் நான் அதற்குக் குறைத்து எடுக்க மாட்டேன். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருவது என்று பொருளல்ல. எந்த ஓர் ஆண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்பு. முப்பது ஆண்டு அந்த அணைக்குக் கீழே குடியிருப்பவருக்கு அதைச் சந்திக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல். 2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டரிலிருந்து 15 மீட்டர் வரையிலானவற்றையும்தான் தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்கிறது. 25 அடி என்பது 7.6 மீட்டர், சட்டப்படியான பருவ ஆய்வு உங்கள் அணையைத் தேடி வராது, ஊராட்சியாகிய நீங்கள்தான் எழுதிக் கேட்டு வரவழைக்க வேண்டும். சிறியதுதானே என்று விடவும் முடியாது. 1903 நவம்பரில் பாலாற்றின் மேல்பகுதியில் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து வந்த வெள்ளம்தான் வாணியம்பாடியை அழித்தது. உங்கள் கானாற்றுக்குக் கீழேயும் இரண்டு ஏரிகள் தொடராக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே உள்ளது உடைந்தால் அவற்றின் கரைகள் அந்த நீரைத் தாங்கும்படி கட்டப்பட்டவை அல்ல.

ஆகவே இந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது புரட்டாசிக்குள், குழாயின் வாயைத் துப்புரவு செய்து கம்பிச் சட்டம் போடுங்கள். கோடியையும் அதன் கீழ் ஓடையையும் புதர் நீக்கி அகலம் முழுவதும் திறந்து வையுங்கள். அணையின் வரைபடத்தைக் கேட்டு மனுக் கொடுங்கள். கசிவு நீரின் கணக்கைத் தொடங்குங்கள். தொட்டி கட்டுவதை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளலாம், ஷட்டரை மறந்துவிடலாம். நீங்கள் இணைத்துள்ள நான்கு படங்களிலும் கோடி இல்லை. கோடிச் சுவரின் மேல் ஒருவரை நிற்கவைத்து, அவர் பின்னால் கரையின் தலையும் தெரியும்படி ஒரு படம் எடுத்து, சுவரின் நீளத்தை நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். மேலே போட்ட கணக்கை உங்கள் அளவை வைத்துத் திருத்திச் சொல்கிறேன்.